இரண்டு சுரமாகக் கேட்ட பியானோ

ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் வலது காது போய்விட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எழுந்தபோது பஞ்சு வைத்து அடைத்ததுபோல் இருந்தது. சளியாக இருக்கும் என்று வேலைக்குப் போனேன்.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது வருடமாக இசை கற்பித்து, பாடகர் குழுவை நடத்தி வருகிறேன். மாணவர்கள் பக்கவாத்தியம் இல்லாமல் பாடுவார்கள். சுருதி விலகினால் பிடித்து நிறுத்த என் காதைத் தவிர வேறெதுவும் கிடையாது. ஆண்டவர் கொடுத்த காது என்று பெருமையடித்துக்கொள்வேன்.

அன்று பயிற்சியில் பியானோவில் ஒரு சுரத்தை அழுத்தினேன். இரண்டு கேட்டது. இடது காதில் சரியான சுரம். வலது காதில் சற்றுக் கீழே இன்னொன்று. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் குழுவின் கச்சேரிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அந்த மாதம்தான் என் பணி ஒப்பந்தத்தையும் புதுப்பிக்க வேண்டும். காது கேட்காத இசை ஆசிரியையை யார் வைத்துக்கொள்வார்கள்?

வியாழக்கிழமை, கீழ்க்குரலில் பாடும் ஆல்டோ பெண்கள் சுருதி இறங்குவதாக எனக்குக் கேட்டது. நிறுத்தினேன். நான்கு முறை திரும்பப் பாட வைத்தேன். அவர்களின் தலைவி கவிதா, பக்கத்து ஊரான மாசாயிலிருந்து வருகிற பெண், கை தூக்கினாள்.

"மேடம், நாங்க இறங்கல. ஃபோன்ல சுருதி செக் பண்ணிட்டேன், சரியாத்தான் இருக்கு."

"அப்போ என் காது தப்பா? இஷ்டம் இல்லன்னா வெளிய போ!"

எல்லார் முன்னிலையிலும் கத்தினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை என் கணவர் சாமுவேல் வலப்பக்கம் நின்று இரண்டு தடவை கூப்பிட்டும் நான் திரும்பவில்லையாம். அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். காது நரம்பு திடீரென்று பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார் மருத்துவர். "மூணு நாளா ஏன் சும்மா இருந்தீங்க? மருந்து இன்னிக்கே ஆரம்பிக்கலாம். ஆனா காது திரும்ப வரலாம், வராமலும் போகலாம்."

காரில் உட்கார்ந்து ஜெபித்தேன். ஜெபம் என்ன, சண்டைதான். "காதைத் திருப்பிக் கொடும் ஆண்டவரே" என்று கேட்கக் கேட்க, மனதில் கவிதாவின் முகமே வந்து நின்றது. தள்ளினாலும் போகவில்லை.

"அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்பு கேக்கணுங்க. எல்லாத்தையும் சொல்லணும். வேல போயிருமோன்னு பயமா இருக்கு."

"போனா போகட்டும் லா. சொல்லிடு," என்றார் சாமுவேல்.

கவிதாவைத் தொலைபேசியில் கெஞ்சி வரவழைத்தேன். திங்கட்கிழமை குழுவின் முன்னால் நின்று, "தப்பு என் காதுலதான், என்னை மன்னிச்சிரு" என்றேன். கவிதாதான் முதலில் பேசினாள்.

"மேடம், ஆல்டோவ உங்க இடது பக்கம் மாத்திருங்க. அந்தக் காது நல்லாத்தானே இருக்கு?"

துறைத்தலைவரிடமும் சொல்லிவிட்டேன். "கச்சேரி முடியட்டும், பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பதிலோடு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

கச்சேரியன்று வலது காதை அடைத்துக்கொண்டு மேடை ஏறினேன். நான் சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் கவிதாவைப் பார்த்தேன். சரி என்று கண்ணாலேயே சொன்னாள். கடைசிப் பாட்டு வரை சுருதி விலகவில்லை. ஆனால் காது திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் சபையோடு பாடிக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டில் அந்த இரண்டு சுரமும் நெருங்கி வந்தன. ஒன்றாயின. பாடுவதை நிறுத்திவிட்டேன்.

"என்னம்மா?" என்றார் சாமுவேல்.

"ஒண்ணா கேக்குதுங்க!"

இவ்வளவு திரும்பும் என்று எதிர்பார்க்கவில்லை என்றார் மருத்துவர். மிக மெல்லிய ஒலிகள் இன்னும் சரியாக வரவில்லை, அதற்கும் காத்திருக்கிறேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இப்போதெல்லாம் ஒருவரைத் திருத்துமுன், "உனக்கு எப்படிக் கேக்குது?" என்று கேட்கிறேன்.

பிரியமானவர்களே, மருந்தும் ஜெபத்துக்கான பதிலும் ஆண்டவர் கையிலிருந்துதான் வந்தன என்று நம்புகிறேன். பயத்தை மறைத்துக்கொண்டு தனியாக நிற்காதீர்கள். இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். அவர் யாரிடம் போகச் சொல்கிறாரோ, தயங்காமல் போங்கள்.