பிணங்கிய வீட்டுக்கே முதலில்

என் அக்கா சத்தியபாய்க்கு முகதாட்சண்யம் மருந்துக்கும் கிடையாது. குழித்துறையில் வங்கி அதிகாரியாக இருந்தபோது சொந்தச் சித்தப்பாவுக்கே கடன் இல்லை என்று நேருக்கு நேர் சொன்னவள். கல்யாணமாகி நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊருக்குப் போனாள். அங்கேயும் வங்கிக் கவுண்டரில் தொடங்கி, கடன் கொடுக்கும் மேலாளர் ஆனாள். பாதி ஊருக்குக் கடன் கொடுத்தாள். மீதிப் பாதிக்குக் கையை விரித்தாள்.

அப்படிப்பட்டவள் போன வருடம் அந்த ஊர் மன்றத் தேர்தலில் நின்றாள். காரணம் ஒரு பஸ். கார் ஓட்டத் தெரியாத காலத்தில் அவள் வேலைக்குப் போய்வந்த அந்த ஒரே டவுன் பஸ்ஸை நிறுத்திவிட மன்றத்தில் பேச்சு. கார் இல்லாத வயசாளிகளும் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போகிற பெண்களும் என்ன செய்வார்கள் என்று அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அவளைப் பார்க்கப் போயிருந்த எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அக்கா, நீ கடன் இல்லன்னு வெரட்டுன ஆளுவ ஒனக்கு ஓட்டு போடுவாவளா?"

"அவிய வீட்டுக்குத்தாம்லே மொதல்ல போணும். நம்ம ஊர்ல கல்யாணத்துக்கு ஆரை மொதல்ல விளிப்போம்? பிணங்கி நிக்க ஆளைத்தானே?"

இதென்ன கூத்து என்று தலையில் அடித்துக்கொண்டு நானும் கூடவே நடந்தேன். ஓட்டல்காரர் பிராங்க் கதவைப் பாதிதான் திறந்தார்.

"என் ஓட்டலைப் பெரிதாக்கக் கடன் கேட்டேன். இல்லை என்றாய். இப்போது ஓட்டு கேட்கிறாயா?"

அக்கா அசரவில்லை. "அன்று சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நீங்களும் எனக்கு இல்லை என்று சொல்லலாம். ஆனால் நான் நிற்பதை அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. அதனால்தான் முதலில் இங்கே வந்தேன்."

பிராங்க் அவளையே பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அவளோ அடுத்த வீட்டு மணியை அடித்துக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் மயிரிழையில் ஜெயித்தாள். வாழ்த்த வந்தவர்களில் பிராங்கும் ஒருவர்.

"நான் உனக்குப் போடவில்லை. என் மனைவியும் மகன்களும் போட்டுத் தொலைத்தார்கள். முகத்துக்கு நேரே பேசுகிற ஒருத்தியாவது மன்றத்தில் வேண்டுமாம்."

ஆனாலும் பஸ் விஷயம் முடியவில்லை. மற்ற நான்கு உறுப்பினர்களும் இரண்டிரண்டாகப் பிரிந்து நின்றார்கள். அக்கா பதவியேற்ற பிறகுதான் ஓட்டெடுப்பு; அதற்குள் யார் வேண்டுமானாலும் மனம் மாறலாம். நான் திருவட்டாறு திரும்பி என் பலசரக்குக் கடையில் உட்கார்ந்துவிட்டேன்; மனசு மட்டும் அங்கேயே கிடந்தது. ஜனவரியில் ஒரு காலை, பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன்.

"ஏலே அனீஷே, இப்பத்தான் ஓட்டெடுப்பு முடிஞ்சுது. மூணுக்கு ரெண்டு! பஸ் ஓடும்லே!"

கடை என்றும் பாராமல் கத்தினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தெருவில் போனவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

"பஸ் ஓடும் மக்கா! எங்க அக்கா ஓட வெச்சிட்டா!" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினேன்.

எந்த பஸ் என்று தெரியாமலேயே அவர்களும் சிரித்தார்கள்.