சித்தி கட்சி மாறிய பௌர்ணமி

எங்கள் வீட்டில் அப்போது இரண்டே கட்சிகள். சித்தியுடையது அழுகைக்காரி கட்சி, என்னுடையது குதிரைக்காரி கட்சி. இரண்டு பேருமே கறுப்பு வெள்ளைக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த கதாநாயகிகள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் வீட்டிலும் அடிதடி நடக்கும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆனால் என் ஆள்தான் உசத்தி என்று இன்றைக்கும் எந்தச் சபையிலும் சொல்வேன். யார் வேண்டுமானாலும் எதிர்த்துப் பேச வரட்டும்.

நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தங்கையான சித்தி, எங்களோடு இருந்துகொண்டு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு ஸ்கூட்டியில் போய்வந்தாள். வேலை கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஞாயிறு மதியம் டிவியில் பழைய படம் போட்டால் நாங்கள் இருவரும் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவோம். படத்தைவிடச் சண்டைதான் ஜாஸ்தி. அவள் ஆளுக்குக் கண் ஒன்றே போதுமாம், வசனமே வேண்டாமாம். புருஷன் துரத்துவான், மாமியார் சோறு போட மாட்டாள், அந்த அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவார். சித்தியும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இவ்வளவு அழுதும் மூக்கு மட்டும் ஏன் ஒழுகவில்லை என்று நான் கேட்பேன். என் ஆளாக இருந்தால் அதற்குள் நாலு பேரை வெட்டிச் சாய்த்துவிட்டுக் குதிரையில் ஊர் எல்லையைத் தாண்டியிருப்பாள். நடிக்கத் தெரியாதவள்தான் குதிரை ஏறுவாள் என்பாள் சித்தி. கட்சி மாறச் சொல்லி அவளிடம் கெஞ்சியிருக்கிறேன், மிரட்டியிருக்கிறேன், ஸ்கூட்டி சாவியை அரிசி டப்பாவில் ஒளித்தும் வைத்திருக்கிறேன். அவள் மசியவே இல்லை.

அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமையில் வந்த ஒரு பௌர்ணமியன்று அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்பவர்கள். எப்படியும் மலை சுற்ற வருகிறோம், அப்படியே பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று மூன்று மணிக்கே வேனில் வந்து இறங்கினார்கள். அம்மாவின் அண்ணனான மாமா, நல்ல இடம், விடக்கூடாது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். முந்தின நாள் முழுக்கச் சித்தி அம்மாவின் பின்னாலேயே போய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அம்மா கேசரிக்கு முந்திரி உடைத்தபடி, அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள்.

டிவியை அணைக்கச் சொன்னார்கள். நான் சத்தத்தை மட்டும் குறைத்தேன், அதுவே அவர்களுக்கு ஜாஸ்தி. கூடத்தில் பெரியவர்கள் பேசினார்கள். பெண்ணுக்குச் சமைக்க வருமா என்று கேட்டார்கள், வரும் என்றாள் அம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டோம் என்றார்கள், அதுக்கென்ன, விட்டுடுவா என்றார் மாமா. ஆவணியிலேயே வைத்துக்கொள்ளலாமா என்றார்கள், அதற்கும் மாமாவே தலையாட்டினார். சித்தி பட்டுப்புடவையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து டிவியில் அழுகைக்காரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பொம்பளன்னா இந்தம்மா மாதிரி இருக்கணும். எவ்ளோ பட்டாலும் வாசப்படி தாண்ட மாட்டாங்க" என்றவர், சித்தியின் பக்கம் திரும்பினார். "உனக்கு யாரும்மா புடிக்கும்?"

போகிற இடமெல்லாம் சித்தி கட்சிக்குத்தான் ஆள் சேருகிறது. சித்தி தலையை நிமிர்த்தி மாப்பிள்ளையின் அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"குதிரை மேல வந்து கத்திச்சண்டை போடுவாங்களே, அவங்களத்தாங்க எனக்குப் புடிக்கும். அழுவுறவங்கள எனக்கு ஆவாதுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தி கட்சி மாறிவிட்டாள் என்று கத்திக்கொண்டு எழுந்து குதித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளி உட்காரவைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். விளையாட்டுக்குச் சொல்றா என்று மாமா அசடு வழிந்தார். விளையாட்டெல்லாம் இல்லை என்றாள் சித்தி, குரலை உயர்த்தாமலே. கூட்டம் சேருவதற்குள் மலை சுற்றக் கிளம்ப வேண்டுமென்று அவர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. தட்டில் பாதி பஜ்ஜி அப்படியே இருக்க, வேன் கிளம்பிப் போயிற்று.

மாமா ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. சினிமாக்காரி பேரைச் சொல்லி நல்ல சம்பந்தத்தைக் கெடுத்துக்கொண்டவள் இந்த ஜில்லாவிலேயே இவள் ஒருத்திதான் என்று அம்மா திட்டித் தீர்த்தாள். சித்தி மறுநாள் காலையில் எப்போதும்போல ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். நானோ பள்ளிக்கூடம் முழுக்க என் வெற்றியைத் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஞாயிறு நான் விளையாடிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், சித்தி பாயில் உட்கார்ந்து அழுகைக்காரியோடு சேர்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அன்றைக்கு என் ஆளைத்தானே பிடிக்கும் என்றாய் என்று சண்டைக்குப் போனேன். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"எனக்குப் புடிச்சது இவங்கதான்டி. அன்னைக்கு வந்தவங்களுக்குப் புடிக்காதது உன் ஆளு."

இரண்டு வாரம் அவளோடு நான் பேசவில்லை. அத்தனை பேர் நடுவில் கேட்டால் உண்மையைச் சொல்வதுதானே நியாயம் என்று பொருமிக்கொண்டே இருந்தேன். அன்று சாயங்காலம் முழுக்கச் சித்தியிடம் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.