உடைந்தது என்று நான் எழுதிய பிரேக்

"வண்டி இன்னைக்கு வராது" என்றுதான் முதலில் செய்தி வந்தது. காலை ஆறு மணி. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒற்றை வரியாகப் போட்டிருந்தார்கள். நான் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "இதை நேற்றே சொல்லியிருக்கலாமே, பிள்ளைக்கு இன்று பரீட்சை" என்று சூடாகத் தட்டி அனுப்பியும்விட்டேன். அதற்குக் கீழே அடுத்த வரி வந்து விழுந்தது: "புஷ்பம் அக்கா விடியக்காலம் தவறிட்டாங்க. நெஞ்சு வலி." என் வரியை அழித்தேன். அதற்குள் பாதிப் பேர் பார்த்துவிட்டிருந்தார்கள்.

கருமாதியும் முடிந்து, எல்லோரும் பேசி ஓய்ந்தபிறகு எழுதுகிறேன். தாமதம்தான். பிள்ளை தூங்கினால்தான் எனக்குப் பேனா. அக்காவை அறிந்த உங்களுக்கு அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவிலிருந்து லிந்துலைப் பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகளைத் தினமும் இறக்கி, தினமும் ஏற்றிக்கொண்டு வந்தவர். ஆனால் அவரைப் பற்றி நான் எழுதிய முதல் எழுத்து அவருக்கு எதிரானது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவருடைய வண்டி பழைய டீசல் பிக்கப். பின்னால் கூடாரம் அடித்து, இரண்டு பக்கமும் பலகை இருக்கை போட்டிருந்தார். அத்தனை பாரத்துக்குச் செய்த வண்டியல்ல அது. மலை இறங்கி முடிக்கும்போது சக்கரத்தில் கருகல் வாசனை வரும். அதனால் அக்கா, உடைத்து விற்ற ஒரு சின்ன லொறியிலிருந்து ஏதோ ஒரு சாமானை வாங்கிவந்து கராஜில் கொடுத்துப் பூட்டினார். மறுநாள் முதல் இறக்கத்தில் வண்டி எருமை மாதிரி உறுமியது. பிள்ளைகள் குலுங்கி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். என் மகள் நெற்றி புடைத்து வந்தாள்.

போய்க் கேட்டேன். "என்னக்கா சத்தம்?"

"எக்சோஸ்ட் பிரேக் ஆவுதும்மா. அதான்."

நான் பட்டதாரி. ஆங்கிலத்தில் 'எக்சோஸ்ட்' என்றால் புகைக்குழாய், 'பிரேக்' என்றால் உடைவது என்று எனக்குத் தெரியும். வேறென்ன வேண்டும்? புகைக்குழாய் உடைந்த வண்டியில் என் பிள்ளை போகிறாள், புகையெல்லாம் கூடாரத்துக்குள் வருகிறது என்று அன்றைக்கே பெற்றோர் சங்கத்துக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "புகைக்குழாய் உடைந்திருப்பதைத் தானே ஒப்புக்கொண்ட பின்னரும்" என்றுகூட ஒரு வாசகம் வைத்தேன்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு அதை வாசித்தார்கள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு எழுந்தார்.

"டிகிரி, அது ஒடையிற பிரேக் இல்லம்மா. புடிக்கிற பிரேக்."

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. "படிச்ச புள்ள வண்டிய ஒடச்சிடுச்சே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எட்டாம் வகுப்போடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன பெண்கள் எல்லோருக்கும் அது என்னவென்று தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. அன்றைக்கு விழுந்த 'டிகிரி' என்ற பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் சிரிப்பு அடங்கும்வரை அக்கா உட்காரவில்லை. "சிரிக்காதீங்க. புள்ள நெத்தி வீங்கினது நெசம். கடுதாசில பாதி தப்பு, பாதி சரி. ஒரு கிழமை இவங்க என் பக்கத்துல ஒக்காந்து வரட்டும். அப்பயும் வேணாம்னா கழட்டிப் போட்டுர்றேன்."

அப்படித்தான் அந்த ஒரு வாரத்துக்கு நான் முன்சீட்டுக்கு வந்தேன். அக்கா எதையும் மறைக்கவில்லை. "நானும் இப்பத்தான் பழகுறேன்" என்றார். சுவிட்சைப் போட்டு அக்செலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஒரு தகடு புகை போகும் வழியை மூடும். வெளியேற முடியாத புகை எஞ்சினை அமுக்கும், எஞ்சின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். வேகமாகப் போகும்போது சுவிட்சைப் போட்டால் குலுக்கும். இறக்கத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியருக்கு வந்து போட்டால் மெல்லப் பிடிக்கும். இரண்டே நாளில் குலுக்கல் நின்றது. அதன் குறைகளையும் அவரே சொன்னார். ஈர ரோட்டில், பின்னால் பாரமில்லாதபோது போட்டால் பின்சக்கரம் வழுக்கும். கரி ஏறினால் தகடு இறுகிப்போய் மேட்டில் வண்டிக்கு மூச்சு முட்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் கழற்றி டீசலில் கழுவுவார். அதே வாசனையோடு கோயிலுக்கும் வருவார். "இது வண்டிய நிப்பாட்டாது டிகிரி. வேகமெடுத்து ஓடாம புடிச்சு வச்சிருக்கும். நிப்பாட்ட கால் பிரேக்குதான் வேணும்."

ஐந்தாம் நாள் அந்தக் கால் பிரேக் போனது. ரோடு காய்ந்திருந்தது. பின்னால் பன்னிரண்டு பிள்ளைகள், என் மகளும்தான். செங்குத்தான இறக்கத்தில் பாதி வந்திருந்தோம். அக்கா மிதித்தார். மிதி தரைவரை போனது. மறுபடி மிதித்தார். ஒன்றுமில்லை. "குழாய் வெடிச்சு எண்ணெ போயிருச்சு" என்றார், பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல.

நான் கத்தினேன். "கிளச்ச மிதிங்கக்கா! கிளச்ச மிதிங்க!"

"கிளச்சத் தொட்டா இதுவும் விட்டுரும். வாய மூடுடி."

வண்டி இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு, வேகம் கூடாமலும் குறையாமலும் இறங்கியது. கீழே கொண்டை ஊசி வளைவு. அதற்கு அப்பால் பள்ளம். "இந்த வேகத்துல வளைவு திரும்பாது. ஒண்ணாம் கியருக்கு வரணும். அதுக்கு ஒரு தடவ விட்டுத்தான் புடிக்கணும். கம்பியப் புடிச்சுக்க."

கிளச்சை மிதித்தார். உறுமல் நின்றது. வண்டி சத்தமே இல்லாமல் முன்னால் பாய்ந்தது. அதற்குமுன் எனக்கு அந்த உறுமலைக் கேட்டால் ஆகாது. அந்த ஒரு நொடியில் அது வேண்டும் வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கியர் விழுந்தது. எஞ்சின் முன்னைவிட இரண்டு மடங்கு உறுமிக்கொண்டு வண்டியை இழுத்துப் பிடித்தது. பின்னால் ஒன்றும் தெரியாத பன்னிரண்டு பிள்ளைகளும் அதோடு சேர்ந்து "ஊஊஊ" என்று உறுமினார்கள். வளைவில் ஓரமாக ஒதுங்கி நின்ற கொழுந்துப் பெண்கள், அக்கா ஊர்வலத்தில் வருகிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள். வளைவு திரும்பினோம். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் ரோடு சமமானதும், வண்டியின் மூக்கைப் புல்மேட்டில் சாய்த்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். நின்றது.

பிள்ளைகளை நான் இறக்கி எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். அக்கா மதகின்மேல் போய் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க வாடி. கால் ஆடுது. புள்ளைங்க பாத்துரும், முன்னால நில்லு."

நின்றேன். என் சேலைக்குப் பின்னால் அந்தக் கால்கள் கொஞ்ச நேரம் ஆடின. பிறகு சிரித்தார். "என்னா டிகிரி, ஒடஞ்சிச்சா?" அழுதுகொண்டே நானும் சிரித்தேன். அந்த இறக்கம்வரை 'நீங்க' என்றவர், அதற்குப் பிறகு ஒருநாளும் என்னை அப்படி அழைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவருக்கு மாலை போட்டார்கள். மாலையோடு நின்று அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிது. "குழாய் பழசுன்னு தெரியும். அடுத்த மாசம் பாப்பம்னு விட்டேன். அது என் தப்பு. இந்தப் பிரேக் என் தப்பக் காப்பாத்திச்சு." இப்போது மேற்பிரிவுக்கு ஏறும் மற்ற இரண்டு வண்டிகளிலும் அந்த பிரேக் இருக்கிறது.

குழாயை மாற்றி வண்டி திரும்ப ஓடிய முதல் நாள் நான் முன்சீட்டில் ஏறப் போனபோது கதவைச் சாத்திவிட்டார். "கிழமை முடிஞ்சிச்சு. வீட்டுக்குப் போ. பயமா இருந்தா சாயங்காலம் வந்து கேளு, சொல்றேன்." பயப்படாதே என்று அவர் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. பயந்தால் வந்து கேள் என்றுதான் சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.

இந்தத் திங்கட்கிழமை வண்டி மறுபடி வந்தது. ஓட்டியது அக்காவின் தம்பி. நான் கிட்டே போனேன்.

"தம்பி, பிரேக் குழாய் எப்ப மாத்தினது?"

"போன மாசந்தான் அக்கா. புஷ்பம் அக்காவே கராஜ்ல நின்னு மறுபடி மாத்திச்சு."

"தகடு கழுவினது?"

"நேத்து."

மகளை ஏற்றிவிட்டேன். கூடாரத்துக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். வண்டி கிளம்பியது. எப்போதும் அது கண்ணுக்கு மறையும்வரை நிற்பேன். அன்று வீட்டுக்குள் வந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.