பரிசுக்குப் போய் வாங்கிய கேஸ்

சேவுகன் மேல் இருந்தது ஒரே ஒரு கேஸ்தான். அதையும் அவனே வலியப் போய் வாங்கிக்கொண்டான் என்று அன்னவாசல் பக்கம் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அனுமதி வாங்காமல் நடந்த மஞ்சுவிரட்டு அது. அவன் காளை யார் கைக்கும் சிக்காமல் பொட்டலைத் தாண்டிப் போனது. பிடிபடாத மாட்டுக்குப் பரிசு கொடுக்க மாட்டுக்காரரைக் கூப்பிடுவது வழக்கம். அதனால், "இந்த மாடு யாருது?" என்று ஒரு குரல் கேட்டதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நம்மளுதுதாங்க!" என்று ஓடினான். கேட்டவர் போலீஸ்காரர். மற்ற மாட்டுக்காரர்கள் வயலில் விழுந்தடித்து ஓடும்போது, இவன் மட்டும் அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் நிதானமாகச் சொன்னான். "இனிஷியலை விட்டுறாதீங்க சார்" என்றானாம். பிறகு கோர்ட்டில் அபராதம் கட்டினான். கேஸ் முடிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் திருப்பூர் சாயப்பட்டறையில்தான் வேலை. அவன் மனைவி ரம்யா அவனைப் பார்ப்பதே பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். இப்போது திருச்சி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்கு ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. ஆனால் உள்ளே போகப் பாஸ் வேண்டும். அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. பாஸ் கிடைத்தால் தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் மறுபடி திருப்பூர் பஸ்தான்.

"மச்சான், பாஸ் பாரத்துல கேஸே இல்லன்னு போட்டுருங்க. பழைய கதைய யாரு தோண்டப் போறா?" என்றான் ரம்யாவின் தம்பி கோபிநாத்.

"ஊரே சிரிக்கிற கதைடா. தோண்ட வேற செய்யணுமாக்கும்?" என்றாள் ரம்யா. "மறைச்சு மாட்டுனா அதுதான் பெரிய குத்தமா நிக்கும்."

அவள் சொன்னபடியே சேவுகன் கேஸ் விவரத்தை எழுதி, கோர்ட்டில் தீர்ப்பு நகல் வாங்கி விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தான்.

விசாரிக்க வந்தவர் ஒரு போலீஸ் அம்மா. ரம்யா கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேவுகன் ஒன்றுவிடாமல் சொன்னான். இனிஷியல் வரைக்கும் வந்தபோது அந்த அம்மாவின் பேனா நின்றது. உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"சரி, பரிசு குடுத்தாங்களா இல்லையா?"

"இல்லீங்க மேடம். பீரோ தர்றதா சொல்லியிருந்தாங்க."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேற கேஸ் இல்லன்னு ஸ்டேஷன்ல பாத்துட்டோம். உள்ளத உள்ளபடி எழுதுறேன். முடிவு பண்ண வேண்டியது மேலதான்" என்றார்.

அதன்பிறகு போன் அடித்தாலே ரம்யாவுக்குத் திக்கென்றிருக்கும். ஒருநாள் கம்பெனி சூப்பர்வைசர் பேசினார். பாஸ் வந்துவிட்டது. ரம்யா சேவுகன் கையிலிருந்த போனைப் பிடுங்கி, "நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார், சேவுகன்னுதான் போட்டுருக்கா?" என்றாள்.

"அவரு மூஞ்சியே போட்டுருக்கும்மா!"

முதல் நாள் வேலை முடிந்து பொழுதுசாயத் திரும்பினான். கழுத்தில் பாஸ் தொங்கியது. கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தான்.

"நாளைக்கு என்ன கட்டட்டும்?" என்றாள் ரம்யா.

"புளிச்சோறு. தொட்டுக்க முட்ட."

"வந்த அன்னைக்கே அதிகாரமா?" என்று சொல்லிக்கொண்டே புளியை எடுத்து ஊறப்போட்டாள்.