தெளிந்த தண்ணீர்

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் குடுவை கழுவிய தண்ணீரைக்கூடச் சிங்க்கில் ஊற்றக் கூடாது. அதற்கென்று ஒரு கேன், கேனுக்கு லேபிள், லேபிளில் கையெழுத்து. ஊரில் இருக்கும் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கும் வந்த புதிதில் சிரிப்பு வந்தது. இப்போது அலுப்புதான் வருகிறது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் சாயப்பட்டறைத் தண்ணீர் நேராகக் கால்வாய்க்குப் போகும். அன்றைக்கு ஏற்றிய சாயம் அரக்கா பச்சையா என்று தெருவே பார்த்துச் சொல்லிவிடும். அப்பாவுக்குப் பிறகு பட்டறையை நடத்திய தம்பி சேகருக்கு ஒருநாள் நோட்டீஸ் வந்தது: தண்ணீரைச் சுத்தம் செய்யாவிட்டால் சீல். சாயத்தை உடைத்து நீரைச் சுத்தமாக்கும், மண்ணுக்குக் கேடில்லாத இரும்பு வினையூக்கிதான் என் ஆராய்ச்சி. விடுமுறைக்குப் போனபோது ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். "பெராக்சைடு ஊத்தி இத்தப் போடு, மூணு மணி நேரம் வுடு" என்று சொல்லிவிட்டு, பெருமை பிடிபடாமல் விமானம் ஏறினேன்.

அடுத்த மாதம் அதிகாரிகள் கால்வாயில் எடுத்த தண்ணீர் சோதனையில் தேறவில்லை. பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். சேகர் போனில் கத்தினான்.

"பத்தே நிமிசத்துல தண்ணி கண்ணாடியாட்டம் ஆயிடுச்சுண்ணா, தொறந்து வுட்டேன். தெளிஞ்ச தண்ணிய வச்சிக்கினு இன்னா பண்றது?"

பட்டுக்குச் சாயம் ஏற்றும்போது தண்ணீர் தெளிந்துவிட்டால், நூல் சாயத்தை முழுக்கக் குடித்துவிட்டது, வேலை முடிந்தது என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் அப்பா அடுப்பை அணைப்பார். நானும் அங்கே வளர்ந்தவன்தானே! நிறம் முதலில் போகும், நஞ்சு கடைசியில்தான் போகும் என்று கட்டுரைகளில் பக்கம் பக்கமாக எழுதியவன், தம்பியிடம் அதை ஒரு வரி சொல்லவில்லை. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

உடன் வேலை பார்க்கும் மார்ட்டினாவிடம் புலம்பினேன். தம்பியும் வேதியியல் படித்தவரா என்று கேட்டாள். இல்லை, பரம்பரையாகச் சாயம் போடுகிறவன் என்றேன்.

"அப்படியானால் நிறத்தைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்குமே" என்றாள்.

தெரிந்ததால்தான் திறந்துவிட்டான் என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது? தலையாட்டிவிட்டுக் கேனில் லேபிள் ஒட்டினேன்.

சேகர் இப்போது ஜவுளிக்கடை ஒன்றில் சேலை மடித்துக்கொண்டிருக்கிறான். என்னோடு பேசுவதில்லை. இன்று காலையும் என் குடுவையில் அரக்குச் சாயம் பத்து நிமிடத்தில் வெளுத்துத் தெளிந்தது. என்னை அறியாமல் என் கை போய்க் குடுவைக்கு அடியில் இருந்த மின்அடுப்பை அணைத்தது. இன்னும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பாக்கி இருந்தது.