மூன்று நாள் மோர்க்குழம்பு

போன வாரம் எங்கள் ஆபீஸ் கிச்சன் சிங்க்கில் ஒரு எவர்சில்வர் டப்பா மூன்று நாள் கிடந்தது. உள்ளே மோர்க்குழம்பு. அதாவது, முதல் நாள் வரை மோர்க்குழம்பு. அப்புறம் அது என்னவாக மாறியது என்று தெரியவில்லை... நாற்றம் மட்டும் லிஃப்ட் வரை வந்தது.

டப்பா என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை சாப்பிட்டு முடிப்பதற்குள் லண்டன் கிளையன்ட்டிடமிருந்து போன். டப்பாவை சிங்க்கில் போட்டுவிட்டு ஓடியவன், அப்படியே மறந்துபோனேன். மறுநாள் நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைச் சுற்றி நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. ‘என்னுதுதாங்க’ என்று எடுத்துக் கழுவியிருக்கலாம். டீம் லீடர் ஆயிற்றே... நானும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

தெலுங்கு பேசும் எங்கள் மாதாப்பூரில் கம்ப்யூட்டர்காரர்கள் பத்துப் பேர் ஓர் அழுக்கு டப்பாவைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? கழுவுவார்களா? டிக்கெட் போடுவார்கள்!

ஏசி ஓடவில்லை, பல்பு எரியவில்லை என்றால் எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டரில் புகார் பதிய வேண்டும். அதற்குப் பெயர்தான் டிக்கெட். ஸ்ரீகாந்த் என்கிற புரோகிராமர் ‘சிங்க்கில் மர்மப் பொருள்’ என்று ஒன்றைப் பதிந்தார். ஒருவர் மூன்று கோணத்தில் போட்டோ இணைத்தார். ‘என் சீட்டிலிருந்து பார்த்தால் பிரச்சினை தெரியவில்லையே’ என்றார் இன்னொருவர். ‘இதை மறுபடி உண்டாக்கிக் காட்ட முடியுமா?’ என்று டெஸ்டிங்கில் இருக்கும் பெண்மணி கேட்டார். பக்கம் பக்கமாக கமென்ட். குழாயைத் திறக்கத்தான் ஆளில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். யாரும் என்னைச் சந்தேகப்படக் கூடாதே என்று, டிக்கெட்டை ‘மிக மிக அவசரம்’ என்று மாற்றினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்படி மாற்றினால் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டருக்குத் தானாகவே மெயில் போகும் என்பது சிரித்த யாருக்கும் நினைவில்லை. எனக்கும்தான்.

வியாழக்கிழமை காலை, எங்கள் மாடியைப் பெருக்கித் துடைக்கிற யாதம்மா கிச்சன் வாசலில் பையோடு நின்றார். மல்காஜ்கிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் சூபர்வைசர் செல்வராஜ் — இதே ஊரில், லோத்குண்டாவில், பிறந்து வளர்ந்த தமிழர்.

“நாளைலேர்ந்து இந்தம்மா வர வேணாம்னுட்டாங்க சார். வேலைல கவனமில்லன்னு மெயில் போயிருக்கு” என்றார் செல்வராஜ்.

“அவங்க ஏன் அதைக் கழுவலை?” கேட்டது யார்? நானேதான்!

“கைக்கு... எதுக்கு கழுவும் சார்? யாரோட சொந்த சாமானையும் தொடக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்லதானே ரூல் போட்டிருக்கீங்க?”

டப்பா இப்போது செல்வராஜ் கையில் இருந்தது; மெயில் வந்ததும் அவரே கழுவிவிட்டிருந்தார். அதைக் கவிழ்த்துக் காட்டினார்.

“அடியில தமிழ்ல பேரு வெட்டியிருக்கு. நமக்குப் பேச வரும், படிக்க வராது. நீங்க படிச்சுச் சொல்லுங்க சார். யாருதுன்னு தெரிஞ்சா, இந்தம்மா மேல தப்பில்லன்னு சொல்லிடலாம்.”

கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக்கொடுத்த பாத்திரம். என் மனைவியின் பெயர், இனிஷியலோடு, பளிச்சென்று இருந்தது.

“தேய்ஞ்சு போயிருக்கே செல்வராஜ்... சரியாத் தெரியலை” என்றேன்.

ஒரு மனுஷன் இதற்கு மேல் கீழே இறங்க முடியுமா? யாதம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் சீட்டில் உட்கார முடியவில்லை. மேனேஜர் அறைக்குப் போனேன். டிக்கெட் நாங்கள் விளையாட்டாகப் போட்டது, அந்தம்மாள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று மன்றாடினேன். அவர் கான்ட்ராக்டருக்கு போன் செய்தார். யாதம்மாவின் வேலை தப்பியது. டப்பா யாருடையது என்று மேனேஜர் கேட்கவில்லை... நானும் சொல்லவில்லை. வீட்டில் டப்பா எங்கே என்று கேட்டதற்கு, ஆபீஸில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை யாதம்மா என் சீட்டுக்கே வந்து கும்பிட்டார். “மீதி மஞ்சி மனசு சார்” என்றார் தெலுங்கில். நல்ல மனசாம் எனக்கு! கீபோர்டைப் பார்த்துத் தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது. நிமிர முடியவில்லை.

அதனால்தான் உங்களிடமாவது ஒப்புக்கொள்கிறேன். தன் தப்பைத் தானே எழுதுகிறாரே, என்ன நேர்மை என்று யாரும் பாராட்டி லெட்டர் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் மாடியில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.