பவுனம்மாள் தன்னை அளந்த மத்தியானம்

பவுனம்மாளைப் பெரிய பாடகி என்று சொன்னால் அது மிகை. கிள்ளானில் ஒரு சிறிய பஜனை மடம் இருந்தது. நவராத்திரிக்கு அங்கே கூடும் பெண்களில் அவளுக்கு எப்போதும் சுருதி சேரும். மற்றவர்களுக்குச் சில நாள் சேரும், சில நாள் சேராது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனாலும் ஒரு விருத்தம் அவளுடையது என்று ஆகியிருந்தது. தாளம் கிடையாது. ஒவ்வோர் அடியும் ஒரே மூச்சில் நீண்டு போய்க் கரையேற வேண்டும். ரயில்வே பட்டறையில் வேலை செய்யும் வேலாயுதத்துக்கு வாழ்க்கைப்பட்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போன பிறகும், நவராத்திரி வந்தால் ரயிலேறி வந்து அதைப் பாடிவிட்டுத்தான் திரும்புவாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து மூன்றாவது அடி அவள் கையில் நிற்கவில்லை. ஒரு சொல்லின் நடுவிலேயே மூச்சு தீர்ந்துவிடும். பாதிச் சொல்லை அந்தரத்தில் விட்டுவிட்டு, மூச்சை வாங்கிக்கொண்டு மீதிச் சொல்லை எடுப்பாள். கேட்பவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஆண்டு புரட்டாசிக்கு முன், பஜனைப் பெண்களுக்குத் தலைவியான இராஜம்மா ஒரு கல்யாணத்துக்கு வந்தவள், பவுனம்மாளை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னாள்.

"பவுனு, தப்பா எடுத்துக்காதே. ரெண்டு பிள்ளை பெத்த உடம்பு. இந்த வருஷமும் நீயே பாடு. அப்பவும் அந்த எடத்துல முறிஞ்சுதுன்னா, இனிமே நம்ம சந்திரகலா பாடட்டும். பொண்ணுக்குப் பதினாறு வயசு. மூச்சு இருக்கு."

"சரிக்கா" என்றாள் பவுனம்மாள். உடம்பின் மேல் சொல்லப்பட்ட தீர்ப்புக்கு உடம்பால்தான் பதில் சொல்ல முடியும்.

வீட்டுக்குத் திரும்பியும் அந்த வார்த்தை அவளோடு இருந்தது. துணி உலர்த்தும்போது, மீன் கழுவும்போது, பிற்பகல் ரயில் போய் ஓட்டுக்கூரை அதிர்ந்து அடங்கும்போது, மூன்றாவது அடியை வாய்க்குள் எடுத்துப் பார்ப்பாள். அதே இடத்தில் நிற்கும். அந்த இடத்தில் விலா எலும்பைச் சுற்றி ஏதோ இறுக்கிப் பிடிப்பதுபோல இருக்கும். அது வயது என்று நினைத்துக்கொண்டாள்.

அது உள்பாடி.

அவள் உடுத்திய உள்பாடிக்கும் ரவிக்கைக்கும் ஒரு வம்ச வரலாறு உண்டு. அந்தக் காலத்தில் பெண்கள் தையற்காரரிடம் போய் நின்று அளவு கொடுப்பதில்லை. பழைய ரவிக்கையைக் காகிதத்தில் சுற்றி, வீட்டு ஆண்பிள்ளையிடம் கொடுத்தனுப்புவார்கள். அதற்கு அளவு ரவிக்கை என்று பெயர். கல்யாணத்துக்குத் தைத்ததைப் பார்த்து அடுத்ததைத் தைத்தார்கள். கல்யாண ரவிக்கை கிழிந்தபின் அந்த அடுத்தது அளவாகப் போனது. அதுவும் நைந்தபின் அதன் பிள்ளை. ஒவ்வொன்றும் சலவையில் சுருங்கிய பிறகே அளவாகப் போனதால், துணி தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்தது. அதற்குள் இருந்தவள் பெருத்தாள். தையற்காரர் ஜெயராஜ் மேல் குற்றமில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடி தைப்பவர் அவர்.

ஒருமுறை மட்டும் பவுனம்மாள் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் தளர்வா தைக்கச் சொல்லுங்க."

வேலாயுதம் கடைக்குப் போனான். அங்கே நாலு ஆண்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே தளர்வாக என்று ஜெயராஜ் கேட்டார். வேலாயுதம் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், கடைசியில் "கையில" என்றான். அதன் பிறகு வந்த ரவிக்கைகள் எல்லாவற்றுக்கும் கை மட்டும் தலையணை உறைபோல இருந்தது.

இந்தக் கதையைப் பவுனம்மாள் ஒரு நாள் வேலிக்கு இந்தப்புறம் நின்று சொல்ல, அந்தப்புறம் நின்ற புனிதவதி சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டாள். புனிதவதி யாழ்ப்பாணத்துக்காரி; அவள் கணவர் ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார்.

"அதுதான் அக்கா நீங்கள் கையைத் தூக்கினால் வௌவால் மாதிரி இருக்கிறியள். நான் இது ஏதோ உங்கட ஊர் நாகரிகம் எண்டெல்லோ நினைச்சன்!"

"சிரி, சிரி. உனக்கென்ன, வீட்டுலயே மிஷின் வச்சிருக்கே."

"மிஷின் இருந்தால் போதுமே? அளவு வேணும். நில்லுங்கோ, ஒண்டு காட்டுறன்."

உள்ளே போய் ஒரு விலைப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். வெள்ளைக்காரக் கடையொன்றின் புத்தகம். அதில் ஒரு பக்கத்தில் ஒரு துரைசாணி தானே தன்னை அளந்துகொண்டு நின்றாள். ஒரு படத்தில் நாடா மார்பின் நிறைவான இடத்தைச் சுற்றி இருந்தது. இன்னொன்றில் அதற்குக் கீழே விலாவைச் சுற்றி. இரண்டிலும் அவள் முகத்தில் ஒரே புன்னகை.

"தானே அளக்கிறாளா?" என்றாள் பவுனம்மாள்.

"பின்னை? அவளுக்கும் புருசன் கடையில போய்க் கை எண்டு சொல்லியிருப்பான்."

அளவு நாடாவையும் புனிதவதியே கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் பவுனம்மாள் அறைக் கதவைத் தாழிட்டாள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முந்திய வெயில், சாத்திய சன்னலின் இடுக்கு வழியாகத் தரையில் கோடுகோடாகக் கிடந்தது. சுவரில் முகம் மட்டும் தெரியும் கண்ணாடி. அதற்குத் தெரியாத பகுதியைத்தான் அவள் இப்போது அறிய வேண்டியிருந்தது.

கொக்கிகளைக் கழற்றினாள். விலாவில் உள்பாடியின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். பிள்ளைகளின் உடம்பில் எந்த மடிப்பில் வேர்க்குரு வரும் என்பதுவரை அறிந்தவள், தன் உடம்பில் இந்தக் கோடு எப்போது வந்தது என்று அறியாதிருந்தாள். நமக்கு மிக அருகில் இருப்பதைப் பார்க்க ஒரு தூரம் தேவைப்படுகிறது. பலருக்கு அந்தத் தூரம் கிடைப்பதே இல்லை.

நாடாவை முதுகுப்புறம் கொடுத்து முன்னால் இழுத்தாள். பின்னால் வழுக்கி இறங்கியது. மறுபடி ஏற்றிச் சுவரில் சாய்ந்துகொண்டு நாடாவை முதுகால் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்த சுவர். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தபோது ஓர் அளவு வந்தது. விட்டபின் பார்த்தபோது வேறோர் அளவு. எது அவளுடையது? துரைசாணியின் படம் அதைச் சொல்லவில்லை. படத்தில் இருப்பவள் மூச்சு விடுவதில்லை.

நாடாவை விலாவோடு தளர்வாகப் பிடித்தபடி, ஏனென்று யோசிக்காமல், மூன்றாவது அடியை எடுக்கப் போவதுபோல மூச்சை உள்ளே இழுத்தாள். நாடா விரல்களுக்கிடையே நகர்ந்தது. நின்றுவிடும் என்று நினைத்தாள், நிற்கவில்லை. கிணற்றில் வாளி இறங்கும்போது கயிறு கையை உரசிக்கொண்டு போவதுபோல அது போய்க்கொண்டே இருந்தது. விலாக்கள் பக்கவாட்டில் விரிந்தன. முதுகும் விரிந்து சுவரைத் தள்ளியது. தனக்குள் இத்தனை இடம் இருந்ததா என்று அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, யாரோ வெகுநாள் கழித்து வீட்டுக்கு வந்ததுபோலவும் இருந்தது. வெளியே எங்கோ ரயில் பெட்டிகளை மோதிச் சேர்க்கும் ஓசை கேட்டது. நாடா போய் நின்ற இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டாள். வெயில் கோடுகள் மங்கி மழை தொடங்கியபிறகுதான் நாடாவைப் பிடித்திருந்த விரலைப் பார்த்தாள்.

அங்கே அளவை எடுத்துக்கொண்டாள். நிறைந்த மூச்சின் அளவு. மார்பையும் அப்படியே அளந்தாள்.

ஒரு பருத்தி நாடாவை வெட்டி, விலாவுக்கு ஒரு முடிச்சும் மார்புக்கு இரட்டை முடிச்சும் போட்டு வேலாயுதத்திடம் கொடுத்தாள்.

"இதுல ஒரு வார்த்தையும் நீங்க சொல்ல வேணாம். குடுத்துட்டு வந்தா போதும்."

ஆனால் வார்த்தை இல்லாமல் முடியவில்லை. ஜெயராஜ் நாடாவைத் தன் பலகையின் மேல் நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வேலாயுதம், வீட்டம்மாவோட அளவுதான் என் கைக்கே தெரியுமே. இது எங்கேயோ முடிச்சு தப்பா விழுந்திருக்கு. நான் பழையபடியே தைச்சுடறேன்."

வழக்கமான நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலாயுதத்துக்குக் காது சிவந்தது.

"முடிச்சு தப்பு இல்லண்ணே. அது எங்கே இருக்கோ அங்கே வெட்டுங்க."

"ரொம்பத் தளர்வா இருக்கும்பா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"அவ பாடறவ. மார்ல தளர்வா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மழையென்றும் பாராமல் வெளியே நடந்தான்.

புதிய உள்பாடி அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. மூச்சு விட்ட நிலையில் சற்றுத் தொளதொளத்தது. "பிள்ளையார் கோயில் திரைச்சீலை மாதிரிக் கிடக்கு" என்றாள் புனிதவதி. பவுனம்மாள் அதையும், அதே அளவில் தைத்த ரவிக்கையையும் போட்டுக்கொண்டுதான் கிள்ளானுக்கு ரயிலேறினாள்.

மடத்தில் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். சந்திரகலா முன்வரிசையில் விருத்தத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்மோனியம் வாசிக்கும் சபாபதி, பவுனம்மாளுக்கு வழக்கமான ஐந்தரைக் கட்டைச் சுருதியில் விரலை வைத்தார். அவள் மெதுவாகச் சேர்ந்து பார்த்தாள். மூச்சு இருந்தது, ஆனால் உச்சியில் குரல் கீறியது. அது துணியின் குற்றமல்ல.

"ஒரு கட்டை இறக்குங்கண்ணே."

"உனக்கு அஞ்சரைதானேம்மா எப்பவும்?"

"அது அப்போ."

சபாபதி நாலரைக்கு இறங்கினார்.

முதல் அடி, இரண்டாம் அடி. பழைய மினுமினுப்பு இல்லை. குரல் தாழ்ந்து, சற்றுக் கனத்து, தரையோடு நடந்தது. மூன்றாவது அடி வந்தது. அந்தப் பாதிச் சொல்லில் அவள் வழக்கமாக முறியும் இடம் நெருங்கியதும், பின்னாலிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து பாட்டுக்குள் நுழைந்தார்கள். அவள் மூச்சு வாங்குவது வெளியே தெரியாமலிருக்க, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே அவர்கள் வளர்த்துக்கொண்ட பழக்கம் அது. இன்று அவள் நிற்கவில்லை. அவள் குரல் போய்க்கொண்டிருக்க, அவர்களுடையது அதன்மேல் மோதித் தடுமாறியது. ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னொருத்தி சிரிப்பை அடக்கினாள். இராஜம்மா கையை உயர்த்தி அவர்களை அமர்த்தினாள். ஒவ்வொருவராக விலகிக்கொள்ள, அடியின் மீதியைப் பவுனம்மாள் தனியே, அவசரமில்லாமல், கரைக்குக் கொண்டுபோனாள்.